வெளிநாட்டு லாபத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் வரி உண்டா?

கேள்வி: அமெரிக்கத் தாய் நிறுவனம், வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் 21% கார்ப்பரேட் வரி கட்ட வேண்டுமா?

பதில் 1: பெரும்பாலும் வேண்டாம். குறைந்தது 10% பங்கு வைத்திருக்கும் கார்ப்பரேஷனுக்கு அமெரிக்க வரிச் சட்டத்தின் பிரிவு 245ஏ முழு விலக்கு தருகிறது. அதற்கு முன் வெளிநாட்டில் சேர்ந்திருந்த பழைய லாபத்துக்கு 2017 வரிச் சீர்திருத்தச் சட்டமே ஒருமுறை வரி போட்டுவிட்டது: ரொக்கத்துக்கு 15.5%, மற்றதற்கு 8%. பணம் வந்ததா இல்லையா என்று அது பார்க்கவில்லை.

பதில் 2: சறுக்குவது நாள் கணக்கில்தான். 731 நாள் காலத்துக்குள் 365 நாளுக்கு மேல் பங்கு கையில் இருக்க வேண்டும். 245ஏ விலக்கு எடுத்தால், அந்த டிவிடெண்டில் வெளிநாடு பிடித்த வரிக்குக் கிரெடிட்டும் (அமெரிக்க வரியிலிருந்து நேராகக் குறைப்பது) இல்லை, கழிவும் (வருமானத்திலிருந்து குறைப்பது) இல்லை. அதை மறந்து போடும் கணக்கு உதைக்கும்.

பதில் 3: அதற்கு முன், அமெரிக்காவில் ஏற்கெனவே வரி கட்டிய லாபம் எவ்வளவு என்று பாருங்கள். டிவிடெண்ட் முதலில் அதிலிருந்துதான் போகும்; அதற்குப் பொருந்துவது பிரிவு 959, 245ஏ அல்ல.