குடிநீர் ஆண்டறிக்கையில் 'வரம்புக்குள்' என்றால் என்ன பொருள்?

கேள்வி:
எங்கள் நகராட்சியின் குடிநீர்த் தர அறிக்கையை முதன்முறையாக முழுவதும் படித்தேன். ஈயம், நைட்ரேட், ஈ.கோலை (நீரில் மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) என ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வரம்புக்குள்' என்று போட்டிருக்கிறார்கள். மாதிரியை எங்கே, எத்தனை முறை எடுத்தார்கள் என்பது தெளிவாக இல்லை. கழிவுநீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த ஒற்றைச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மறுமொழி 1:
அந்தச் சொல்லுக்கு எல்லாப் பொருள்களுக்கும் ஒரே பொருள் கிடையாது. ஈ.கோலைக்குச் சராசரி என்ற பேச்சே இல்லை. 100 மில்லிலிட்டர் நீரில் அது தென்படவே கூடாது. ஈயத்தின் கதை வேறு. அது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதில்லை, வழியிலுள்ள பழைய குழாய்களிலிருந்தும் பற்றவைப்புகளிலிருந்தும் கரைந்து வருகிறது என்பதால், நிலையத்தின் வாயிலில் எடுத்த மாதிரி உங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டு விதி வீட்டுக் குழாய்களிலேயே மாதிரி எடுக்கச் சொன்னது இதனால்தான். ஆனால் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் அவ்விதி நடவடிக்கையைக் கோரியது. ஆகவே நூறு வீடுகளில் ஒன்பது வீடுகள் அந்த அளவைத் தாண்டினாலும் அறிக்கை நல்லபடியாகவே இருந்திருக்கும்.

நைட்ரேட்டில் அலகைப் பாருங்கள். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடும் அமெரிக்க வரம்பு 10 மில்லிகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைக் கவனிக்காமல் வீணாகச் சண்டையிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னவை சரியே. என்றாலும் ஆண்டறிக்கை என்பது நடந்து முடிந்ததன் பதிவு. ஆபத்து வரும் நாளில் அது உதவாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டனில் 2000ஆம் ஆண்டு மே மாதம், கனமழை கால்நடைச் சாணத்தை ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் கொண்டுசேர்த்ததில் 7 பேர் இறந்தனர், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மோசமான ஆய்வு முடிவு ஆய்வகத்திலிருந்து நீர் வழங்கும் அமைப்புக்கு மட்டுமே போனது. அங்கிருந்தவர்கள் அதைச் சுகாதார அதிகாரிகளிடம் மறைத்தார்கள். அதன்பிறகே, பாதகமான முடிவுகளை அரசுத் துறைக்கும் சுகாதார அதிகாரிக்கும் ஆய்வகமே தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டக் கட்டாயமானது. உங்கள் நகராட்சியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஆய்வகம் யாருக்கு முதலில் தகவல் சொல்கிறது என்பதைத்தான்.

மறுமொழி 3:
கழிவுநீர் விடுபட்டதில் வியப்பில்லை. பல நாடுகளில் அதற்குத் தனிச் சட்டம், தனி உரிமம். அதன் அறிக்கை நுகர்வோருக்கு வராமல் சுற்றுச்சூழல் அதிகார அமைப்புக்குப் போகிறது. அந்த உரிமத்தையும் மாதாந்திர அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. வழக்கமான சோதனைக்கு ஐந்து நாள் பிடிக்கும் என்பதால், அந்த எண் வெளியாகும்போது அது குறிக்கும் நீர் எப்போதோ ஆற்றில் கலந்திருக்கும். 24 மணிநேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்த மாதிரியா, ஒரே ஒரு குவளையில் மொண்டதா என்பதையும் விசாரியுங்கள்.

மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் நகரமானால் இன்னொரு சிக்கலும் உண்டு. பெருமழையில் நிலையத்துக்குள் நுழையாமலே கழிவுநீர் வெளியேறிவிடும். நிலையத்தின் வாயிலில் அளந்த எண்கள் மட்டும் அழகாக இருக்கும். வழிந்தோடிய நாள்களின் பதிவேடு இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஈயத்துக்கு எதிரே '<5' என்று உள்ளது. ஈயம் இல்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கூடாது. அந்த ஆய்வகம் 5க்குக் கீழே உறுதியாக அளந்து சொல்ல இயலாது என்பதே அதன் பொருள். இருப்பது 4 ஆகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம்.