எண்ணூர் முகத்துவாரத்துல டர்பைன் இறக்குனா கரண்ட் வருமா?

முகத்துவாரத்தான்:
மக்களே, அணை எதுவும் கட்டாம சும்மா ஓடுற தண்ணியிலயே சின்ன டர்பைன் இறக்கி கரண்ட் எடுக்கிறாங்கல்ல, அத நம்ம எண்ணூர்ல பண்ணா இன்னா? 200 லிட்டர் ட்ரம்ம நெடுக்க ரெண்டா பொளந்து கொஞ்சம் தள்ளி எதிரும்புதிருமா வெல்டு வச்சா சவோனியஸ் டர்பைன் ரெடி, மேல பெல்ட்டு, சுத்துனா கரண்ட் குடுக்குற பழைய கார் ஆல்டர்னேட்டர், ஒரு பேட்டரி, அவ்ளோதான். எதிர்ல அனல்மின் நிலையம் நின்னுகினு இருக்கு, ஆனா ராத்திரி வலை பிரிக்கிற கரையில கும்மிருட்டு. நாலு லைட் எரிஞ்சா போதும்பா.

தண்டையார்பேட்டை வயர்மேன்:
தலைவா ஆசை ஓகே, கணக்கு தான் இடிக்குது. தண்ணி வேகம் பாதியா கொறஞ்சா பவர் பாதி ஆகாது, எட்டுல ஒண்ணு ஆயிடும். செகண்டுக்கு 2 மீட்டர் ஓடுனா ஒரு சதுர மீட்டருக்கு 4000 வாட், 1 மீட்டர்னா வெறும் 500, அரை மீட்டர்னா 62 வாட் தான். அதுலயும் பெட்ஸ் லிமிட்னு ஒண்ணு இருக்கு, எவ்ளோ பெரிய கொம்பன் டிசைன் பண்ணாலும் 59 சதவீதத்துக்கு மேல உருவ முடியாது. உன் ட்ரம்முக்கு 20 கெடைச்சாலே பெருசு.

ராயபுரம் மெக்கானிக்:
வயர்மேன் எப்பவும் இப்படித்தான், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃபீஸ புடுங்குவாரு. காத்த விட தண்ணி 800 மடங்கு கனம், அத ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? அப்புறம் சவோனியஸ்ல ஒரு விசேஷம், தண்ணி உள்ள வந்தாலும் வெளிய போனாலும் ஒரே பக்கமா தான் சுத்தும். ஒரு நாளைக்கு கடல் தண்ணி ரெண்டு தபா ஏறி ரெண்டு தபா இறங்குற எடத்துக்கு அளவெடுத்து தச்ச மாதிரி.

தண்டையார்பேட்டை வயர்மேன்:
சுத்தும், யாரு இல்லன்னா? அரை மீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு பத்து சுத்து சுத்தும், கார் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்த ஆயிரத்துக்கு மேல வேணும். பல்சக்கரம் வச்சு வேகத்த நூறு மடங்கு ஏத்துனா உராய்வே எல்லாத்தையும் தின்னுடும். ஏத்தம் வத்தம் மாறும்போது தண்ணி அப்படியே நின்னுடும், அதுவும் நாளைக்கு நாலு தபா. உப்பு, ஆகாயத்தாமர, பாலித்தீன் கவர் இதெல்லாம் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

ராயபுரம் மெக்கானிக்:
கார் ஆல்டர்னேட்டர் யாரு போட சொன்னது? மெதுவா சுத்துனாலே கரண்ட் குடுக்குற மேக்னட் ஆல்டர்னேட்டர் இருக்கு. அகலமா இருக்கிற எடத்த வுட்டுட்டு குறுகலா இழுக்கிற எடமா பாத்து போடணும்.

கத்திவாக்கம் அக்கா:
தம்பிங்களா ஒரு நிமிஷம். தண்ணி இழுக்கிற எடம்னு சொல்றீங்களே, அங்க தான்யா வலை கட்டுவாங்க. பழவேற்காட்டுல அதுக்குன்னு பாடு முறையே இருக்கு, யாருக்கு எந்த நாளு எந்த எடம்னு முறை போட்டு தான் எறங்குவாங்க. நீங்க பாட்டுக்கு நடுவுல ட்ரம்ம நட்டுட்டு போனா அது யாரு பாடு? கழுத்தளவு தண்ணில நின்னுகினு கையால எறா தடவுறவங்க இருக்காங்க, அனல்மின் நிலைய சாம்பல் வந்து ஏற்கெனவே ஆழம் போச்சு, 2023 டிசம்பர்ல எண்ணெய் வேற வந்துச்சு, இப்ப பிளேடு ஒண்ணு தான் பாக்கி.

முகத்துவாரத்தான்:
அக்கா சொல்றது நியாயம், அத நான் யோசிக்கல. எடம் கேட்டுட்டு தான் செய்வோம். ஆனா கணக்கு விஷயத்துல வாயால பேசாம நேத்து போய் அளந்துட்டேன். தெர்மாகோல் போட்டு பாத்தேன், 10 மீட்டர் போக 18 செகண்ட்.

தண்டையார்பேட்டை வயர்மேன்:
அது மேல்மட்ட வேகம் கண்ணு, அடியில கம்மி, அதனால 0.85 ஆல பெருக்கணும். 0.47 வருது, சதுர மீட்டருக்கு 52 வாட். உன் ட்ரம் பத்து வாட் எடுக்கும், பெல்ட்டு ஆல்டர்னேட்டர் எல்லாம் தின்னது போக அஞ்சு வாட். ஒரு நைட் லாம்ப். அதே காசுல 100 வாட் சோலார் பேனல் வாங்கி கூரை மேல போடு, நாளைக்கு 400 வாட் அவர் வரும், பேட்டரி ரெண்டுக்கும் தான் வேணும். மழ காலத்துல பூண்டி ஏரி தொறந்தா கொசஸ்தலையாத்துல மரமே அடிச்சுகினு வரும், உன் ட்ரம்ம அப்புறம் கடல்ல போய் தேடணும்.

ராயபுரம் மெக்கானிக்:
ஒரே ஒரு நாள் அளந்துட்டு முடிவு கட்டுனா எப்படி? அமாவாசை ஏத்தத்துல பாலத்துக்கு கீழ அளந்து பாரு, வேகம் ரெட்டிப்பானா எட்டு மடங்கு, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.

கத்திவாக்கம் அக்கா:
அமாவாசைக்கு வாங்க, எங்க யாரும் வலை கட்டலையோ அந்த எடத்த காட்றேன். தெர்மாகோல் வேணாம், அத காத்து தள்ளிகினு போயிடும். தேங்கா எடுத்துனு வாங்க, பாதிக்கு மேல முழுகி மெதக்கும்.