தோல்வியே இல்லாதவர்தான் பெரியவரா?

கேள்வி:
ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்த நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ராக்கி மார்சியானோ 49 வெற்றி, தோல்வியே இல்லை. எவாண்டர் ஹோலிஃபீல்டு 44 வெற்றி, 10 தோல்வி, 2 சமன். ஆனாலும் ஹோலிஃபீல்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. தரவரிசையில் இருந்தவர்களோடு மோதியதை மட்டும் எடுத்தால் சரியாக வருமா?

பதில்:
அதைத்தான் எடுக்க வேண்டும். ஹோலிஃபீல்டு வென்றவர்களைப் பாருங்கள்: டக்ளஸ், ஃபோர்மன், ஹோம்ஸ், போவ், டைசன். அந்த 10 தோல்வியில் 5, நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை.

பதில்:
மார்சியானோவைக் குறைக்காதீர்கள். 1952, பிலடெல்ஃபியா. முதல் சுற்றிலேயே அப்போதைய உலக சாம்பியன் வால்காட் அவரைத் தரையில் சாய்த்தார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 13-ஆம் சுற்றில் வலது கையால் ஒரே குத்து. வால்காட்டின் கை கயிற்றில் தொங்க, அப்படியே மண்டியிட்டுச் சரிந்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒன்று: வால்காட்டுக்கு அப்போது 38 வயது. முந்தைய ஆண்டு மார்சியானோவிடம் தோற்ற ஜோ லூயிஸுக்கு 37.

கேட்டவர்:
அப்போ எதிராளியின் வயதையும் நோட்டில் ஒரு கட்டத்தில் எழுதணும். சரி, வேறு?

பதில்:
பாணி. யாருடைய ஆட்டம் யாருக்கு ஒத்துவரும் என்பது. ஃப்ரேசியரும் நார்ட்டனும் முகமது அலியை வென்றவர்கள். அந்த இருவரையும் ஃபோர்மன் இரண்டே சுற்றில் முடித்தார். அதே ஃபோர்மனை 1974-இல் கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் அலி வீழ்த்தினார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?