சீன மணப்பெண்ணுக்காக மணப்படுக்கை அமைப்பது: சென்னையில் எப்படிச் செய்வது?

அண்ணாநகர்த் தங்கை கேட்டது:
என் அண்ணனுக்கும் பினாங்கைச் சேர்ந்த சீனப் பெண்ணுக்கும் அடுத்த மாதம் சென்னையில் திருமணம். அதற்கு முன்பே நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் மணப்படுக்கையை அமைத்து வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார். எங்களுக்கு முழுச் சம்மதம்தான். ஆனால் படுக்கையை விரிப்பவர் கணவர், பிள்ளைகளோடு நிறைவாக வாழ்பவராக இருக்க வேண்டுமாம். அப்பா காலமாகிவிட்டதால் அம்மா தாமே ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறார். முறை தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஈப்போக்காரர் (தற்போது பெசன்ட் நகர்):
இதை 'ஆன் சுவாங்' என்பார்கள். திருமணத்துக்குச் சில நாள்கள் முன்பு, சீனப் பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தில், கட்டிலை உரிய இடத்தில் நிறுத்தி, புது மெத்தைமேல் சிவப்பு விரிப்பை விரிப்பார்கள். டிராகனும் பீனிக்ஸும் அல்லது ஜோடி வாத்துகள் பூவேலை செய்யப்பட்ட விரிப்பென்றால் விசேஷம். கனமான கட்டிலை முழுவதும் தூக்க வேண்டியதில்லை, சற்றே நகர்த்தினாலும் போதும். விரிப்பின்மேல் சிவப்புப் பேரீச்சை எனப்படும் சீன இலந்தை, தோலுடன் வேர்க்கடலை, உலர்ந்த லோங்கன் பழம், தாமரை விதை ஆகியவற்றைப் பரப்புவார்கள். இவற்றின் சீனப் பெயர்களிலிருந்து ஒவ்வோர் அசையை எடுத்துச் சேர்த்துச் சொன்னால் 'விரைவில் நன்மகன் பிறக்கட்டும்' என்று ஒலிக்கும். பிறகு குழந்தைகளைப் படுக்கையில் உருளவிட்டு, சிவப்பு உறையில் பணம் கொடுப்பார்கள். அதன்பின் முதலிரவு வரை அதில் யாரும் படுக்கக் கூடாது. மாப்பிள்ளை அங்கேதான் தூங்க வேண்டுமென்றால், துணைக்கு ஒரு சிறுவனைப் படுக்க வைப்பார்கள்.

மயிலை வாசகி:
நாட்டு மருந்துக் கடையில் தாமரை விதை என்று கேட்டால் சிலர் மக்கானாவை எடுத்துத் தருவார்கள். பொரி போல வெள்ளையாக உப்பியிருக்கும் அது வேறொரு நீர்த்தாவரத்தின் விதை, வாங்கிவிடாதீர்கள். லோங்கனையும் சிவப்புப் பேரீச்சையையும் பினாங்கிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்; அங்கே சாதாரண மளிகைச் சாமான். இன்னொன்று, கட்டில் உத்தரத்தின் கீழும் கண்ணாடிக்கு எதிரிலும் இருக்கக் கூடாது என்பார்கள். நம் அடுக்ககங்களில் அலமாரிக் கதவிலேயே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, அதைச் சிவப்புத் தாளால் மூடிவிடலாம்.

ஈப்போக்காரர்:
அம்மாவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. சுமங்கலிதான் செய்ய வேண்டும் என்ற அதே கணக்கு அங்கேயும் உண்டு என்றாலும், இன்று பல வீடுகளில் பெற்றோரோ மணமக்களோ தாங்களே படுக்கையை அமைத்துக்கொள்கிறார்கள். ஆகவே அம்மா தாமாக விலகுவதற்கு முன், அவர் செய்தால் சம்மதமா என்று சம்பந்தியம்மாவிடமே நேராகக் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அத்தையோ சித்தியோ விரிப்பை விரிக்கட்டும், அம்மா குழந்தைகளுக்கு உறையைக் கொடுக்கட்டும். அந்த உறையில் மட்டும் நம் வழக்கப்படி 101 ரூபாய் வைக்க வேண்டாம். சுபகாரியத்துக்கு அவர்கள் இரட்டைப்படைத் தொகையே கொடுப்பார்கள், அதிலும் 4 வராமல் பார்த்துக்கொள்வார்கள்.