கன்னியாக் காட்டுப்பாதையில் ஆறாத லத்தி

உவர்மலையிலிருந்து

கன்னியாப் பக்கம் ஓடலாமா, வழி எப்படி என்று போன கிழமை இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். வெறுமனே ஓம் என்று எழுதிவிட மனம் வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

திருகோணமலை நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் 8 கிலோமீற்றர் அளவு போனால் வெந்நீரூற்றுப் பக்கம் வந்துவிடும். ஏழு கிணறுகளையும் எல்லாருக்கும் தெரியும், அந்தியேட்டிக்கு ஒரு தடவையாவது போயிருப்போம். அதையும் தாண்டி உள்ளே போகிற மண்பாதைகளில்தான் நான் ஏழு வருடமாக ஓடுகிறேன். தார் முடிந்து மண் தொடங்கும், அப்புறம் பாறை. ஏற்றம் மலைநாட்டு ஏற்றம் மாதிரி இல்லை. ஆனால் பாறை மேல் பொடிக்கல் கிடக்கும், சப்பாத்து எவ்வளவு நல்லதென்றாலும் வழுக்கும். இரண்டு பக்கமும் பாலை, வீரை, இடையிடையே சூரை. சூரை முள் கொக்கி மாதிரி வளைந்தது. சட்டையில் மாட்டினால் இழுக்கக் கூடாது, ஓர் அடி பின்னால் வந்து கழற்ற வேண்டும்.

நேரம்தான் பெரிய சிக்கல். சோளகக் காற்று வீசும் காலத்தில் எட்டு மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும், ஆகவே விடியத்தான் ஓட வேண்டும். ஆனால் இரவு தண்ணீருக்கு இறங்கிய யானை காட்டுக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். வெயிலுக்குப் பயந்து நேரத்தோடு போனால் யானை, யானைக்குப் பயந்து பிந்திப் போனால் வெயில். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு மாட்டுக்கார ஐயாவிடம்.

மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம். குளங்கள் அடிதெரிய வற்றிக் கிடந்தன. ஐந்தே முக்கால் இருக்கும், காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு வளைவில் பத்துப் பன்னிரண்டு மாடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஐயா. எழுபது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாய், கையில் பூவரசங்கம்பு. கம்பைக் குறுக்கே நீட்டி என்னை மறித்தார். வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. காதில் இருந்ததைக் கழற்றினேன்.

“அங்கால போகாத தம்பி.”

ஏன் என்று கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவே விளங்கியது. பாதையோரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூன்று நான்கு உருண்டை யானை லத்தி, ஒவ்வொன்றும் உரித்த தேங்காயைவிடப் பெரிது. ஒன்றைக் கம்பால் பிளந்தார். உள்ளே நார்நாராகப் புல், நடுவில் விளாம்பழ ஓட்டுத் துண்டு. குனிந்து புறங்கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. “வைச்சுப் பார்” என்றார். நானும் வைத்தேன். நல்ல சூடு.

“இன்னும் ஆறேல்ல. இப்பதான் போயிருக்குது.”

பிறகு புல்லைக் காட்டினார். சுற்றிலும் பனி படிந்து வெள்ளையாக இருந்த புல்லில், ஓர் இடத்தில் மட்டும் பனி துடைத்துவிட்டது போல இருண்ட தடம். மிதிபட்ட புல் நிமிரவில்லை. “மாடு சும்மா நிக்குதெண்டு நினைச்சியே? மணம் பிடிச்சிட்டுது.” பார்த்தேன், அத்தனை மாட்டின் காதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு பாறையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். ஆற்ற பிள்ளை, எங்க வேலை என்று விசாரித்தார். எவ்வளவு தூரம் ஓடுவாய் என்று கேட்டார், 14 கிலோமீற்றர் என்றேன். தானும் மாட்டுக்குப் பின்னால் அவ்வளவு நடப்பேன், ஆனால் ஒருநாளும் அளந்ததில்லை என்றார். அப்போது இடப்பக்கம் ஒரு கொப்பு முறிகிற சத்தம். சாம்பல் முதுகு ஒன்று மரங்களுக்கு நடுவே நகர்ந்து போனது. அதன் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு கன்று. கொப்பு முறிந்த சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பாரமான காலடி ஒன்றுகூடக் காதில் விழவில்லை. நான் பாட்டோடு அந்த வளைவைத் திரும்பியிருந்தால் கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்றிருப்பேன்.

அன்றிலிருந்து காட்டுப் பாதையில் காதில் ஒன்றும் போடுவதில்லை. ஓடுவதற்கு முதல் நாள் பின்னேரமே ஐயாவுக்கு ஒரு கோல் எடுப்பேன். எந்தப் பக்கம் லத்தி கிடக்கிறது, எந்தப் பக்கம் ஆட்காட்டிக் குருவி இரவு முழுக்கக் கத்தியது என்று சொல்வார். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் போவதில்லை. என் கைக்கடிகாரம் தூரத்தையும் ஏற்றத்தையும் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் போகலாமா என்று அவரிடம்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. பாலைப்பழக் காலத்தில் மரத்தடியில் நின்று பழம் பொறுக்க எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். கரடிக்கும் அதே ஆசை. தனியே போகிறவர்கள் அந்த மாதங்களில் சத்தமாகக் கதைத்தபடி போங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலடி வரை ஏறி இறங்கிப் பழகலாம். கோயில் இருக்கிற சுவாமி மலை 100 மீற்றருக்கு மேல் கடலில் இருந்து நேரே எழுந்து நிற்பது. பாதை நல்ல பாதை, விடியவே சனம் நடமாடும். புள்ளிமான்கள் பாதையில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு ஓடுங்கள், எழுப்பாதீர்கள். அர்ச்சனைத் தட்டோடு வந்த பொலித்தீன் பையை ஓர் ஆண்மான் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கிட்டப் போய் இழுக்கவும் முடியவில்லை, கொம்பு. கோயில் கூட்டுகிற அம்மா ஒருவர் வாழைப்பழத்தைக் காட்டி அதன் வாயைத் திறக்கவைத்து, பாதிப் பையை உருவி எடுத்தார். மற்றப் பாதி உள்ளே போய்விட்டது. இப்போது ஓடப் போகும்போது ஒரு சாக்குப்பை கொண்டுபோகிறேன். இறங்கும்போது அது நிறைந்திருக்கும்.

துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் கடற்படை வளவுக்குள் வருகிறவற்றை மறந்துவிடுங்கள். அங்கே ஓட வழியில்லை.

தம்பலகாமத்திலிருந்து

அண்ணன் சொன்ன ஐயா மாதிரி எங்கள் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வயல் விளைகிற காலத்தில் இரவிரவாகக் காவல் இருப்போம். யானை வந்தால் யானைவெடி கொளுத்துவோம். வெடிச் சத்தம் கேட்ட இரவுக்கு அடுத்த காலை அந்தப் பக்கம் ஓடவே வேண்டாம். விரட்டுப்பட்ட யானை கோபத்தோடு காட்டோரம்தான் நிற்கும். எங்களைக் கண்டால் தூரத்திலேயே விலகிப்போகிற அதே யானை அன்றைக்கு விலகாது. பொழுதுபட்டால் தேத்தண்ணிக் கடையில் விசாரியுங்கள், எங்கே வெடி கேட்டது என்று கடைக்காரர் சொல்வார். மின்வேலிக் கம்பியைத் தாண்டிக் குறுக்குவழி பார்க்கவும் வேண்டாம். போன வருடம் வெளியூர்ப் பெடியன் ஒருவன் வேலியில் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்தேன். பிள்ளை எழும்பி நிற்கக் கன நேரம் எடுத்தது.

கிண்ணியாவிலிருந்து

நான் ஆசிரியை. முதல் நியமனம் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏற்றம் என்றால் கிண்ணியாப் பாலம்தான் தெரியும். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் மிதவைப் பாதையில்தான் தண்ணீரைக் கடந்தோம். பாலம் வந்த பிறகு சுபஹு தொழுதுவிட்டு அதில் ஓடப் பழகினேன். 396 மீற்றர், ஐந்து தடவை போய்வந்தால் 4 கிலோமீற்றர் அளவு. மலைக்குப் போகும்போது அந்தத் தைரியம் இருந்தது.

முதல் கிழமையே அது போய்விட்டது. தம்பத்தன்னைத் தொழிற்சாலை, தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. அங்கிருந்து லிப்டன் சீட் என்கிற மலையுச்சி வரை தேயிலைக்கு நடுவே 7 கிலோமீற்றர் ஏற்றம். கால் நன்றாகத்தான் இருந்தது, மூச்சு வரவில்லை. அவ்வளவு உயரத்தில் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாளில் பழகும் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள், பழகியது. பழகாதது இறக்கம். ஏற்றம் ஏறின அன்று நோகாது, இறங்கின மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க விடாது.

தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகவே ஓடுவேன், ஆள் துணைக்கு. ஒரு நாள் மழை விட்ட காலை. குறுக்குப்படியில் இறங்கும்போது வழுக்கி, தேயிலைத் தூரைப் பிடித்துத் தொங்கினேன். மேலே நின்ற ஓர் அக்கா கூடையோடு இறங்கி வந்தார். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு. கூடையைக் கழற்றாமலே எனக்குக் கை கொடுத்தார்.

“கால நேரா வைக்காதீங்க டீச்சர். சரிச்சு வைங்க. சின்னச் சின்னதா.”

அவர் காலைப் பார்த்தேன். செருப்பில்லை. விரல்கள் விசிறி மாதிரி விரிந்து, ஈரக் களிமண்ணைப் பெருவிரல் முதலில் அழுத்திப் பார்க்கும், அப்புறம்தான் பாதம் முழுதும் இறங்கும். உடம்பைப் பள்ளத்துக்குக் காட்டாமல் பக்கவாட்டில் திருப்பியே இறங்கினார். முதுகில் அவ்வளவு கொழுந்து, ஒரு தடவைகூடக் கால் தட்டவில்லை. நானும் பின்னாலேயே அப்படி இறங்கினேன். கொழுந்து நிறுக்கிற மடுவம் வந்ததும் என் கெண்டைக்காலைக் காட்டி, அட்டை என்றார். மூன்று. இழுக்க விடவில்லை, உப்பு வைத்தார், தானாகவே விழுந்தது. ஓடப் போகுமுன் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்லித் தந்ததும் அவர்தான்.

இடமாற்றம் கிடைத்து ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. என் மகள் இப்போது என்னோடு பாலத்தில் ஓடுகிறாள். பெண்கள் ஓடினால் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். முதல் மாதம் பார்த்தார்கள், இப்போது ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மகளுக்குக் காட்டுப்பாதை ஆசை. தனியே கூட்டிப்போக எனக்குப் பயம். உவர்மலைத் தம்பி, உங்கள் ஐயா போகலாம் என்கிற ஒரு நாளில் எங்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

உவர்மலையிலிருந்து

கட்டாயம் வாருங்கள் அக்கா. நேற்றுப் பின்னேரமே ஐயாவிடம் கேட்டுவிட்டேன். மேற்குப் பக்கம் நான்கு நாளாக லத்தி இல்லையாம், குளத்தில் தண்ணீர் நிற்பதால் யானை குளத்தடியிலேயே தங்கிவிட்டதாம். சனிக்கிழமை இரவு திரும்பவும் கோல் எடுப்பேன். சரி என்றால் ஞாயிறு காலை 6.15க்கு வெந்நீரூற்று வாசலில் நிற்கிறேன், வெளிச்சம் வந்த பிறகுதான் உள்ளே இறங்குவோம். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொண்டுவாருங்கள், உள்ளே கடை இல்லை. மகளுக்குக் கணுக்கால் வரை மூடுகிற காற்சட்டை நல்லது, சூரைதான் காரணம். பாறை இறக்கம் ஒன்று இருக்கிறது. நான் அதில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் முன்னுக்குப் போங்கள், தேயிலைத் தோட்டத்து அக்கா காட்டித் தந்த மாதிரிக் கால் வைத்துக் காட்டுங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம். தம்பலகாமத்துத் தம்பியும் வருவதென்றால் சொல்லுங்கள். ஐயா பட்டியில் பால் காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை பேர் என்று கேட்டார்.