பெங்களூரு குப்பைக் கட்டணம்: 150 வீட்டு அபார்ட்மெண்ட், மூன்று இடத்தில் பணம்

பொருளாளர்_பெல்லந்தூர்:
எங்கள் அபார்ட்மெண்டில் 150 வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,200 சதுர அடி. 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் குப்பைக் கட்டணம் வருகிறது. பழைய குப்பை செஸ் (சொத்து வரியோடு வாங்கும் கூடுதல் வரி) தனி. தினமும் எடுக்க வருகிற தனியார் வண்டிக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிறோம். ஒரே குப்பைக்கு மூன்று முறையா என்று பொதுக்குழுவில் கேட்கிறார்கள். பணம் எங்கே போகிறது? எதைக் குறைக்கலாம்?

கணக்கு_அல்சூர்:
சார், மாதக் கட்டணம் கட்டடப் பரப்பை வைத்துப் போடுவது. 600 சதுர அடி வரை 10 ரூபாய், 1,000 வரை 50, 2,000 வரை 100, 3,000 வரை 150, 4,000 வரை 200, அதற்கு மேல் 400. எடை இதில் வருவதே இல்லை. ஒழுங்காகப் பிரித்துத் தருகிற வீட்டுக்கும், எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிந்து வீசுகிற வீட்டுக்கும் ஒரே தொகை. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. இப்போதைக்கு, ரசீதில் பரப்பளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1,990-க்கும் 2,010-க்கும் மாதம் 50 ரூபாய் வித்தியாசம்.

பணம் பெரும்பாலும் ஆட்டோ டிப்பர், காம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி), டீசல், கூலி, குப்பையைப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு டன் கணக்கில் தரும் தொகை என்று போகிறது. தூய்மை இந்தியா 2.0-இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு மத்திய பங்கு 25 சதவீதம். அதுவும் ஆலை கட்டவும் பழைய குப்பை மேட்டை அகற்றவும்தான். அன்றாடச் செலவு நகரத்தின் கையிலிருந்துதான்.

கிடங்கு_பொறியாளர்:
குப்பை கொட்டும் கிடங்கின் செலவை யாரும் முழுதாக எண்ணுவதில்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டது: அடியில் 90 செ.மீ. களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. ஹெச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) விரிப்பு, லீச்சேட் (குப்பையிலிருந்து வடியும் கழிவுநீர்) குழாய், தினமும் 10 செ.மீ. மண் மூடல். மூடிய பிறகும் குறைந்தது 15 ஆண்டு கண்காணிப்பு. பெங்களூரின் பழைய கிடங்குகளான மாவள்ளிபுராவில் 2012-லும் மண்டூரில் 2014 இறுதியிலும் கொட்டுவது நின்றது. அங்கே லீச்சேட்டும் வாயுவும் வருவது அதோடு நின்றுவிடுமா? அமெரிக்கக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) கிடங்கை மூடிய பின் 30 ஆண்டுப் பராமரிப்புக்கு நிதி உறுதியை முன்பே காட்டியாக வேண்டும். பல கவுண்டிகள் அதைக் கிடங்கு வாசலில் லாரிகளிடம் வாங்கும் டன் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. இங்கும் அந்தப் பணம் தனிக் கணக்கில் விழ வேண்டும்.

பொருளாளர்_பெல்லந்தூர்:
நன்றி. அப்படியானால் எங்கள் கையில் இருப்பது தனியார் வண்டிச் செலவு மட்டும்தானா? உரம் போடும் மெஷின் வாங்கலாமா?

உரக்குழி_ஹெச்எஸ்ஆர்:
மெஷினுக்கு முன்னால் தராசு வாங்குங்கள். ஞாயிறு, திங்கள் விடாமல் ஏழு நாள் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு 1.2 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 180 கிலோ. 100 கிலோவைத் தாண்டினாலே விதிப்படி நீங்கள் பெரு உற்பத்தியாளர், அதாவது அதிகக் குப்பை உண்டாக்குபவர். அவர்களுக்கு அறிவித்த விகிதம் கிலோ 12 ரூபாய். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 7.88 லட்சம். இதில் ஈரக் குப்பை 110 கிலோ இருந்து, அதை உள்ளேயே உரமாக்கினால் 4.8 லட்சம் குறையும். அதனால் தனியார் ஒப்பந்தத்தையும் வீட்டுக் கணக்கிலிருந்து கிலோ கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் உரம் போட்டு மிச்சம் பிடிப்பது வண்டிக்காரருக்குத்தான் லாபம்.

மெஷின் அரைத்துக் கலக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 15-20 நாள் கூடையில் முதிர வேண்டும். அந்த இடத்தை யாரும் ஒதுக்குவதில்லை. கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்: சாம்பார், தயிர் சாதம் வடிக்காமல் வந்தால் புழு, நாற்றம், அக்கம்பக்கப் புகார். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் மரத்தூளோ காய்ந்த இலையோ இன்னும் போடுங்கள். இளநீர் மட்டை பிளேடை நிறுத்திவிடும், தனியாக வையுங்கள்.

உலர் குப்பையில் அட்டை, பெட் பாட்டிலுக்கு விலை கிடைக்கும். சிப்ஸ் பாக்கெட், தெர்மாகோலுக்கு வாங்குபவர் இல்லை; வார்டு உலர் குப்பை மையங்கள் கையைச் சுட்டுக்கொள்வது இவற்றில்தான். பால் கவரைக் கழுவி, காயவைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு புளித்த கவர் போதும், மூட்டை முழுக்க அட்டை நனைந்து வீணாகிவிடும்.