வெளிநாடு போன நம்ம ராம்நாடு தம்பிகளுக்கு: சம்பளச் சீட்டுல முழுச் சம்பளமும் இருக்கா?

பாம்பன்ல இப்போ மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கு. லீவுக்கு வந்திருக்கேன். லண்டன் போய் ரெண்டே மாசமான நம்ம ஊர்த் தம்பி நேத்து வாட்ஸ்அப்ல கேட்டான்: "அண்ணே, முதலாளி பாதிச் சம்பளத்தைக் கையில தர்றேங்கிறாரு. வரி மிச்சமாம். சரின்னு சொல்லவா?"

வேணாம் தம்பி. கிழக்கு லண்டன்ல ஒரு ஓட்டல்ல நான் அப்படித்தான் வாங்கிட்டிருந்தேன். மாசம் 1,500 பவுண்டு. சீட்டுல 800, மிச்சம் 700 ரொக்கம். 2020 மார்ச்ல கொரோனாவால கடையை மூடுனாங்க. அரசாங்கம் ஃபர்லோ திட்டம் கொண்டு வந்துச்சு: வேலைய விட்டு அனுப்பாம வச்சிருக்கிற ஆளுக்குச் சம்பளத்துல 80 சதவீதம், மாசம் 2,500 பவுண்டு வரைக்கும், முதலாளி வழியா வரும். எனக்குக் கணக்குப் போட்டது அந்த 800-க்கு மட்டும். கைக்கு வந்தது 640. அதுல ரூம் வாடகை குடுத்துட்டு அம்மாவுக்கு என்னத்த அனுப்புறது?

கூட இருந்த நண்பன் நிலைமை இன்னும் மோசம். மார்ச் முதல் வாரந்தான் சேர்ந்தான். மார்ச் 19-க்குள்ள வரித்துறைக்குப் பேரு போயிருக்கணும். மாசக் கடைசியிலதான் போச்சு. ஒரு பென்னி வரல.

இன்னொண்ணு. விசாவுல "அரசு உதவி நிதி கிடையாது"ன்னு போட்டிருக்கேன்னு பயந்து நம்மாளுங்க பலர் வாயே திறக்கல. ஃபர்லோ அந்தக் கணக்குல வராது, அது சம்பளம். யுனிவர்சல் கிரெடிட்ங்கிறது வேற, அது வருமானம் கம்மியா இருக்கவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவித்தொகை. அந்த விசாவுல இருக்கவங்க அதுக்கு விண்ணப்பிக்கவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாம பட்டினி கிடந்தவங்களை நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்கல.

தொண்டித் தம்பி ஒருத்தர் கனடா பத்திக் கேட்டிருக்கார். அங்க கொரோனாவால வருமானம் போனவங்களுக்கு செர்ப்-னு ஒரு அரசு உதவித்தொகை, 4 வாரத்துக்கு 2,000 டாலர், 2020 மார்ச் 15-லிருந்து செப்டம்பர் 26 வரைக்கும். 2019-லயோ, விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின 12 மாசத்துலயோ 5,000 டாலர் சம்பாதிச்சிருக்கணும். அது கனடாவுலதான் சம்பாதிச்சிருக்கணும்னு இல்ல, அங்க குடியிருந்தாப் போதும். தற்காலிக விசாக்காரங்களும் வாங்குனாங்க. ஆனா வரி பிடிக்காமக் குடுத்த காசு, மறுவருசம் வரி கட்ட வேண்டி வந்துச்சு. பின்னாடி ஆதாரம் கேட்டுக் கடிதமும் வந்துச்சு. ரொக்கத்துல வேலை பார்த்தவன் எதைக் காட்டுவான்?

எல்லா நாடும் இப்படி இல்ல. ஆஸ்திரேலியாவுல ரெண்டு வாரத்துக்கு 1,500 டாலர் ஜாப்கீப்பர்னு சம்பள மானியம் குடுத்தாங்க. நம்மள மாதிரி தற்காலிக விசாவுல இருந்தவங்களுக்கு இல்ல. சிங்கப்பூர்லயும் சம்பள மானியம் குடிமக்களுக்கும் பிஆர், அதாவது நிரந்தரமாக் குடியிருக்க அனுமதி வாங்குனவங்களுக்கும்தான். அங்க போறவங்க மூணு மாசச் செலவையாவது கையில வச்சுக்கங்க. ஊருக்கு அனுப்புறது அப்புறம்.

நம்ம கரையிலயும் இதே கதைதானே. தடைக்கால நிவாரணம் பதிவுல பேரு இருக்கிற குடும்பத்துக்குத்தான் வருது. வருசம் முழுக்கக் கடல்ல கிடந்தாலும் பேரு இல்லைன்னா இல்லதான்.

தம்பி, பிரிட்டன்ல சம்பளச் சீட்டு வாங்குறது உன் சட்ட உரிமை. வரித்துறை இணையக் கணக்கைத் திறந்தா முதலாளி உன் பேருல எவ்வளவு காட்டியிருக்கார்னு தெரியும். முதல் சீட்டு வந்ததும் ரெண்டையும் ஒத்துப் பாரு. தொகை ஒத்துப் போகலைன்னா எனக்கு அனுப்பு, முதலாளிகிட்ட எப்படிக் கேக்கணும்னு நானே எழுதித் தர்றேன்.